அக்கா கைக்குச் செய்த வில்

குழாய் வேலைக்காரர் வந்திருந்தார். என் மகன் இருந்தான். மருமகள் இருந்தாள். நாற்காலியில் நான். அடுப்படியில் பைப் திரும்புகிற இடத்துக்குத் தோதான வளைவு கடையில் கிடைக்கவில்லையாம். பழைய பேப்பரைக் கொளுத்தி பைப்பை வாட்டினார். ஒரே நாற்றம். மெல்ல வளைத்தார். பிறகு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வளைவைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை வேறு ஒருவரிடம்தான் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரரிடம். அவர் பார்த்தது மூங்கிலை.

ராஜாவின் சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவில் சேர்ந்த புதிது. குடுமியான்மலைக்குத் தெற்கே எங்கள் சோளக்காடு. அக்காவைக் கட்டியவர்தான் என்னையும் கட்டினார். அவளுக்குப் பிள்ளை இல்லை; அதற்காக வந்தவள் நான். அந்த வருஷம் கிளிகள் கதிரை விடவில்லை. பால் பிடித்த சோளத்தின் வாசம் உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, கிளிக்குத் தெரியும். அதை விரட்ட அவர் உண்டைவில் செய்ய உட்கார்ந்தார். வில்தான், அம்புக்குப் பதில் களிமண் உருண்டை போகும். உருண்டை பிடித்தது நான்.

பிளந்தெடுத்த மூங்கில் பிளாச்சில் எண்ணெய் தடவி, சிரட்டைத் தணலில் வாட்டி, முழங்காலில் வைத்து வளைத்தார். தரையில் அடித்த முளைகளுக்கு நடுவே கட்டி ஆறவிட்டார். சூடான மூங்கிலில் பாகு காய்ச்சுகிற மாதிரி ஒரு வாசம் வரும். ஆறியதும் நாண் கட்டினார். கொஞ்சம் இழுப்பார், ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். விறைத்து நிற்கிற பக்கத்தை உடைந்த கண்ணாடியால் சுரண்டுவார். மறுபடி இழுப்பார். என்னை ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. மூங்கில் மேல் பொறாமைப்பட்ட பொம்பளை நான். சிரியுங்கள், பரவாயில்லை.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல வளையணும். ஒண்ணு வெறச்சுக்கிட்டு நின்னா இன்னொண்ணு ஒடிஞ்சு போகும்" என்றார்.

பக்கத்துக் காட்டுக்காரர் அவருக்கு மச்சான் முறை. விடுவாரா?

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும் மாப்ள."

அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"ஏ, இங்கிட்டு வா. இழு பாப்போம்."

அக்காவைத்தான் கூப்பிட்டார். இழுத்தாள்.

"கை வலிக்குதா?"

"லேசா."

சுரண்டினார். "இப்ப?"

"இப்ப சரிங்க."

அடுத்து நான்தானே என்று மண் கையைக் கழுவிக்கொண்டு நின்றேன். அவர் கண்ணாடித் துண்டைத் தூக்கி வேலியோரம் எறிந்துவிட்டார்.

நானே எடுத்து இழுத்தேன். அக்கா குட்டை. என் கை நீளம். அவள் நிறுத்திய இடத்தைத் தாண்டியதும் மூங்கில் முனகியது.

"விடு, விடு! ஒடிஞ்சிரும். அது அவ கைக்குச் செஞ்சது."

"எனக்கு ஒண்ணு செய்யுங்களேன்."

"ஒத்தக் காட்டுக்கு எதுக்கு ரெண்டு வில்லு?"

மச்சான் வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அடுத்த தை மாதம் மகன் பிறந்தான். ஊரே வந்து பார்த்தது. அவரும் வந்து பார்த்தார், இரண்டு கண்ணாலும். விடிந்ததும் அவர்கள் காட்டுக்குப் போவார்கள், வில் அக்கா தோளில். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன்.

இப்போது அந்தக் காட்டில் தைல மரம் நிற்கிறது. கிளி வருவதில்லை. அவர் போய்விட்டார். அக்காவும் போய்விட்டாள். வில் கடைசியில் என்னிடம்தான் வந்தது, நாண் இல்லாமல். அதையும் கரையான் தின்றது.

அவர் ஆயுசுக்கும் செய்த வில் அது ஒன்றுதான்.