வேலைக்கென்று போய் ஏறிய மலை

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெஸ்ட்லிக்கு வருகிற மெற்றோவைப் பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. வெஸ்ட்லி எங்கள் பாதையின் கடைசி ஸ்ரேசன். ஒஸ்லோவில் வேறெங்கும் வீடு அகப்படாதவர்கள் வந்து சேருகிற இடம் என்று நாங்களே பகிடி விடுவோம். உயர்ந்த மாடிகள், ஒவ்வொரு தளத்திலும் வேறொரு நாட்டின் தாளித வாசம். வேலை நாட்களில் வண்டி நிறைய நாங்கள் நகரத்துக்குப் போவோம். ஞாயிறன்று எல்லாம் தலைகீழ். நகரத்தின் மேற்குப் பக்கத்தில் நல்ல வீடுகளில் இருக்கிற நோர்வேஜியர்கள் முதுகுப்பையும் கம்பளிக் காலுறையும் வெண்ணெய் பூசிப் பொதிசெய்த பாணுமாக எங்கள் ஸ்ரேசனில் வந்து இறங்குவார்கள். எங்கள் மாடிகளைத் திரும்பியும் பாராமல் பின்னாலிருக்கும் காட்டுக்குள் போவார்கள். பின்னேரம் சேறும் சிரிப்புமாக வெறுங்கையோடு திரும்புவார்கள். விறகில்லை, வேட்டையில்லை. ஒன்பது வருடமாக இதை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு "தூர்" என்று பெயர். போக ஓரிடமும் இல்லாமல் நடந்துவிட்டு வருவது.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். அந்தச் சமையலறைக்குப் பொறுப்பு இங்கர். ஐம்பத்தொன்பது வயது, நெடிய பெண்மணி, சொற்களைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். ஒன்பது வருடம் ஒரே மேசையில் உருளைக்கிழங்கு உரித்திருக்கிறோம். நாங்கள் பேசியதையெல்லாம் ஒரு கொப்பியின் இரண்டு பக்கத்தில் எழுதிவிடலாம். ஓர் ஐப்பசி வெள்ளிக்கிழமை, கோப்பை கழுவும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலாக அவர் என்னிடம், "ஞாயிற்றுக்கிழமை தூர் வருகிறாயா?" என்று கேட்டார். எங்கள் வேலைநேர அட்டவணைக்கு "துர்னுஸ்" என்று பெயர். அந்தச் சொல்லின் பின்பாதியை இயந்திரம் விழுங்கிவிட்டது என்று நினைத்தேன். யாரோ சுகவீன லீவு எடுத்துவிட்டார்களாக்கும். "யா" என்றேன். இங்கரின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "ஒன்பது மணிக்கு வெஸ்ட்லி ஸ்ரேசன். சப்பாத்து முக்கியம்" என்றார்.

வேறு இல்லம் ஒன்றுக்குக் காரில் கூட்டிப்போகப் போகிறார் என்று முடிவுகட்டினேன். ஆகவே ஞாயிறு காலை வெள்ளைக் காற்சட்டை, வெள்ளை மேற்சட்டை, சமையலறைச் சப்பாத்து, மேலே ஒரு மெல்லிய ஜக்கெற்றோடு ஸ்ரேசனில் நின்றேன். இங்கர் மெற்றோவிலிருந்து இறங்கினார். முழங்கால்வரை பூட்ஸ், முதுகுப்பை, கழுத்தில் தொங்கும் வரைபடம். என் வெள்ளை உடுப்பை மேலும் கீழும் பார்த்தார். மற்றவரின் உடுப்பைப் பற்றிக் கேள்வி கேட்பது இந்த நாட்டில் மரியாதையில்லை. அவர் கேட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். காட்டின் விளிம்பில் அவர் வரைபடத்தை விரித்து, "மேலே ஒரு ஏரி இருக்கிறது. என் அப்பா காட்டியது. இதுவரை நான் யாரையும் கூட்டிப்போனதில்லை" என்றபோதுதான் எனக்கு விளங்கியது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் சமைக்க வந்தேன் என்று எப்படிச் சொல்வது?

ஏறினோம். மரங்களில் நீலப் பூச்சு அடையாளங்கள் இருந்தன. அவற்றைப் பின்பற்றினால் வழி தவறாது என்றார். ஒரு மணிநேரத்தில் வெள்ளைப் புகார் மூட்டம் இறங்கியது. நீலம் மறைந்தது, பிறகு மரங்களும் மறைந்தன. இங்கர் கலங்கவில்லை. தனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு குறுக்கு வழி தெரியும் என்றார். அந்தக் குறுக்கு வழி எங்களை ஒரு சதுப்புக்குள் இறக்கியது. நான் இடுப்புவரை புதைந்து எழும்பினேன். அடுத்து வந்த ஈரப் பாறையில் என்னுடைய சப்பாத்து, எண்ணெய் சிந்திய தரையில் வழுக்காமல் நிற்பதற்கென்றே செய்தது, பசைபோல ஒட்டி நின்றது. இங்கரின் விலையுயர்ந்த பூட்ஸ் வழுக்கியது. ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த தடி முறிகிற சத்தம்.

அவருடைய கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லை. என்னுடையதில் ஒரு கோடு இருந்தது. அவசர உதவிக்கு எடுத்துக் கொடுத்தேன். இடத்தை விளங்கப்படுத்திவிட்டு, "இரண்டு மணிநேரம் ஆகலாமாம். கீழே கல்லுப் பாதை வரைக்கும்தான் வாகனம் வரும்" என்றார். அவருடைய உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. இரண்டு மணிநேரம் அந்த ஈரத்தில் அவரை இருத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை. முதுகைக் காட்டிக் குந்தினேன்.

"என்ன செய்கிறாய்?"

"ஏறுங்கள்."

"நான் எழுபத்தெட்டுக் கிலோ."

"அத்தான் எண்பத்திரண்டு" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் ஏறினார்.

அத்தான் என்பது அக்காவின் கணவர். தொண்ணூற்றைந்தில், இராணுவம் வருகிறதென்று யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஒரே வீதியால் தென்மராட்சிக்கு நடந்தபோது அவருக்கு ஒரு கால் இல்லை. அதற்கு முந்தைய வருடம் ஷெல் எடுத்துவிட்டது. அவரை இருத்தி உருட்டிக்கொண்டு போன சைக்கிள் நாவற்குழிப் பாலத்துக்கு முன்னாலேயே ரயர் வெடித்து நின்றது. பிறகு நான்தான் சைக்கிள். மழை கொட்டியது. அத்தான் என் முதுகில் இருந்தபடி ஒரு குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார். குடைக் கம்பி முன்னால் போகிறவர்களின் பிடரியில் குத்தியது. இலட்சக்கணக்கான சனம் சாமான்களோடு நெரிபட்டு நகர்கிற வீதியில், எத்தனை பேர் திரும்பி எங்களை ஏசினார்கள் என்று கணக்கில்லை. அத்தான் எல்லாருக்கும் பதில் ஏச்சுக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். "ஆட்டாமல் நடவடா, வயித்தைப் பிரட்டுது." அந்த நடைக்கு இடப்பெயர்வு என்று பெயர் இருந்தது. தூர் என்று எவரும் சொல்லவில்லை.

இங்கர் ஏசவில்லை. காதருகில், "இடது பக்கம், இப்போது வலது" என்று வழி சொன்னார். பாதி இறக்கத்தில் மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது. என் இரண்டு கையும் அவரைத் தாங்கியிருந்ததால் தொலைபேசியை இங்கரே எடுத்து என் காதில் பிடித்தார்.

"இஞ்சேருங்கோ, எங்கை நிக்கிறியள்?" என்றாள் வசந்தி.

"காட்டுக்கை."

"வேலைக்கெண்டுதானே போனனீங்கள்?"

"ஓம். ஆனா இது வேலையில்லை."

"பக்கத்திலை ஆரோ பொம்பிளை முனகிற மாதிரிக் கேக்குது."

"அது இங்கர். முதுகிலை இருக்கிறா."

மறுமுனையில் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு வசந்தி, "வீட்டை வாங்கோ, கதைப்பம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு இங்கர், "அத்தான் யார்?" என்று கேட்டார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். ஷெல்லைச் சொன்னேன், பாலத்தைச் சொன்னேன், குடையையும் சொன்னேன். ஒன்பது வருடத்தில் நான் ஏன் இந்த நாட்டுக்கு வந்தேன் என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. உடுப்பைப் பற்றிக் கேட்காததுபோல இதுவும் மரியாதையாக இருக்கலாம். என் கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் கொஞ்சம் இறுகின. "உன்னை நான் கூப்பிட்டிருக்கக் கூடாது" என்றார். "நான் வேலையென்று நினைத்துத்தான் வந்தேன்" என்றேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரிக்கத் தொடங்கினார். கால் நோக நோக, ஐயோ ஐயோ என்று அவர்களின் மொழியில் கத்திக் கத்திச் சிரித்தார். அவருடைய சிரிப்பு என் முதுகெலும்பைக் குலுக்கியது. நானும் சிரித்து, இரண்டு பேரும் விழப் பார்த்தோம்.

கல்லுப் பாதைக்கு வந்ததும் அவரை ஒரு மரக்குற்றியில் இருத்தினேன். அவர் பையிலிருந்து தேர்மோஸை எடுத்துக் கோப்பி வார்த்தார். அந்த நேரத்தில்தான் செம்மஞ்சள் உடுப்போடு நான்கு இளைஞர்களும் ஒரு நாயும் ஓடி வந்தார்கள். அவர்கள் கண்டது இதைத்தான்: சரியான உடுப்போடு, வரைபடத்தோடு, கோப்பிக் கோப்பையோடு ஆறுதலாக அமர்ந்திருக்கும் ஒரு நோர்வேஜியப் பெண். பக்கத்தில் இடுப்புவரை சேறாக, வெள்ளைச் சமையல் உடுப்போடு, பல்லுக் கிட்டி நடுங்குகிற ஒரு கறுப்பு மனிதன். நான்கு பேரும் என்மேல் பாய்ந்தார்கள். நாயும் என்னைத்தான் முகர்ந்தது. ஒருவன் கம்பளியால் என்னைச் சுற்றினான், இன்னொருவன் வாய்க்குள் சொக்கலேற் வைத்தான். "நானில்லை, அவர்" என்று சொல்ல வாயைத் திறந்தால் சொக்கலேற் பேச விடவில்லை.

"எந்த நாட்டில் இருக்கிறாய் என்று தெரிகிறதா?" என்று ஒருவன் மிக மெதுவாகக் கேட்டான். குளிரில் புத்தி தடுமாறியிருக்கிறதா என்று பார்க்கிற கேள்வி.

"நோர்வே."

"இன்று என்ன கிழமை?"

"ஞாயிறு."

"இங்கே எதற்கு வந்தாய்?"

அவசரத்தில் உண்மையைச் சொன்னேன். "வேலைக்கு."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிடம் நான் ஸ்ரெச்சரில் படுத்திருந்தேன், பட்டி போட்டுக் கட்டியும் ஆகிவிட்டது. "கால் முறிந்தது எனக்கு!" என்று இங்கர் பின்னாலிருந்து கத்தினார். தலைமைப் பையன் அவரிடம், "பயப்பட வேண்டாம், அவரைக் கவனித்துக்கொள்கிறோம். எங்கே கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டான். அவர் பூட்ஸைக் கழற்றிக் காட்டிய பிறகுதான் பட்டியை அவிழ்த்தார்கள். கணுக்கால் நாவற்பழ நிறத்தில் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

இங்கர் மாவுக்கட்டோடு ஆறு கிழமை வீட்டிலிருந்தார். அவருக்குப் பதிலாகச் சமையலறையைப் பார்த்தது நான். இருந்தும் இல்லத்தில் பரவிய கதை, காட்டில் வழிதவறிய வெளிநாட்டுக்காரனை இங்கர் காலை முறித்துக்கொண்டு காப்பாற்றினார் என்பதுதான். ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, இனிமேல் தனியே போகாதே என்று புத்தி சொன்னார். தமிழ்க் கடையில் கதை இன்னும் திறமாக இருந்தது. "விசா இல்லாமல் காட்டுக்கை ஒளிச்சிருந்து நாய் வச்சுப் பிடிச்சவங்களாம், உண்மையோ?" என்று கேட்டார்கள். நான் குடியுரிமை எடுத்து வருடக்கணக்காகிவிட்டது. வசந்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இங்கரின் காலையும் எடையையும் காட்டிய பிறகுதான் வீட்டில் பிரச்சினை முடிந்தது.

சித்திரை மாதம் பனி கரைந்ததும் நான் தனியாக மேலே ஏறினேன். இங்கருக்கு இன்னும் ஏற முடியவில்லை. வரைபடத்தைத் தந்து விட்டிருந்தார். நீல அடையாளங்களை ஒன்றுகூட விடாமல் பார்த்துப் போனேன். ஏரி அங்கேதான் இருந்தது. கறுப்பாக, அசையாமல், நடுவில் இன்னும் கரையாத ஒரு துண்டு பனிக்கட்டியோடு. அழகுதான். ஆனால் அழகை வைத்துக்கொண்டு தனியாக என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த நாட்களில் சண்டை மறுபடி தொடங்கி, அவர்கள் இருந்த யாழ்ப்பாணத்துக்கான பாதை மூடிக் கிடந்தது. லைன் கிடைத்ததே பெரிய காரியம்.

"எங்கை நிக்கிறாய்?" என்றார்.

"மலையிலை. ஒரு குளம் பாக்க வந்தனான் அத்தான்."

"தண்ணிக்கோ?"

"இல்லை. சும்மா பாக்க."

"பாத்திட்டு?"

"திரும்பிப் போறதுதான்."

"வேறை ஆக்கள் ஒருத்தரும் துரத்தேல்லையே?"

"இல்லை அத்தான்."

"அப்ப நல்லாப் பார். எங்கடை பக்கம் எதடா அங்கையிருந்து?"

நான் சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டு, வலது கையை நேரே நீட்டினேன். தொலைபேசியில் காட்டினால் அவருக்குத் தெரியாது என்பது நினைவிருக்கவில்லை. "இந்தப் பக்கம் அத்தான்" என்றேன். லைன் கரகரத்து அறுந்தது. கையை இறக்க மறந்து நின்றேன். அப்போது பாதையால் வந்த ஒரு நோர்வேஜிய முதியவர் பக்கத்தில் நின்று, என் விரல் போன திசையில் கண்ணுக்குமேல் கைவைத்துக் கூர்ந்து பார்த்தார்.

"அங்கே என்ன தெரிகிறது?" என்று கேட்டார்.

"என் அக்கா வீடு" என்றேன்.

அவர் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். காடு, காட்டுக்கு மேல் காடு, அதற்கு மேல் வானம். "நல்ல இடத்தில்தான் இருக்கிறார்கள்" என்று தலையாட்டிவிட்டு நடந்தார்.