ஒரு ஜோடி ஈயக் கையுறை

என் பத்து விரல்களும் நன்றாக இருக்கின்றன. இந்த வயதிலும் ஊசியில் நூல் கோக்கிறேன். அதைப் பார்த்து யாராவது மெச்சினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் உத்திரமேரூரில் ஒரு டாக்டரின் தனி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை உதவியாளாக வேலை பார்த்தேன். எங்கள் நிலத்துக்கு அண்ணன்மார் மூன்று பேரே அதிகம் என்பதால் என்னை அங்கே தள்ளிவிட்டார்கள். கூட வேலை பார்த்தவர் பக்கத்துக் கிராமத்துப் பெருமாள் கோயில் அர்ச்சகர் குடும்பம். வயது என் வயதுதான், ஆனாலும் நான் சாமி என்றுதான் கூப்பிடுவேன். வருஷத்தில் இரண்டு மாதம் அவருக்குப் பூஜை முறை வரும். அந்த மாதங்களில் விடியலில் பெருமாளுக்குத் திருமஞ்சனம் செய்துவிட்டு சைக்கிளில் வேலைக்கு வருவார்.

நெஞ்சுச் சளிக்காரர்களை இருட்டறையில் நிறுத்திக் கதிரைப் பாய்ச்சினால், டாக்டர் எதிரே திரையில் பார்ப்பார். பெரியவர்கள் சொன்னபடி நிற்பார்கள். குழந்தைகள் நிற்குமா? அலறும், உதைக்கும். ஒருவர் ஈயத் தட்டிக்குப் பின்னால் நின்று சுவிட்சைப் போட, மற்றவர் குழந்தையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் நான் பிடித்தால் மறுநாள் அவர்.

மெஷின் வந்த அன்றே டாக்டர் எங்களை நிறுத்திவைத்துச் சொன்னார். "இது கண்ணுக்குத் தெரியாது. சுடாது, வலிக்காது. ஆனா பட்டது பட்டதுதான், உடம்புல சேர்ந்துக்கிட்டே போகும். வேலை இல்லாதப்ப உள்ளே நிக்காதீங்க. நின்னா தட்டிக்குப் பின்னால நில்லுங்க. பிடிக்கிறவன் கிளவுஸ் போடாம பிடிக்கவே கூடாது."

கையுறை ஒரே ஒரு ஜோடி. முழங்கை வரை வரும், நடுவில் ஈய ரப்பர், மேலே தோல். டாக்டர் போனதும் சாமி அதை ஒற்றை விரலால் தள்ளினார்.

"செத்த மாட்டுத் தோலுக்குள்ள கையை விட்டுட்டு, அந்தக் கையால பெருமாளைத் தொடச் சொல்றியா?"

"அப்ப சைக்கிள் சீட்டு இன்னா சாமி, பட்டுத் துணியா? அதுவும் தோலுதானே?"

"அதுமேல துண்டைப் போட்டுண்டுதான் உட்கார்றேன்."

உண்மைதான். நான்காக மடித்த துண்டு எப்போதும் அந்த சீட்டின் மேல் இருக்கும். "குளிச்சா போவுது சாமி" என்றேன். "உனக்குப் புரியாது" என்று முடித்துவிட்டார். தான் குழந்தை பிடிக்கும் நாட்களில் வெறுங்கையால் பிடித்தார்.

இப்படியே சில மாதங்கள் போயின. ஒரு நாள் அவர் ஒரு குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தார், நான் சுவிட்சில். பச்சை வெளிச்சத் திரையின் ஓரத்தில் நாலு விரல் எலும்பு கறுப்பாகத் தெரிந்தது. டாக்டர் இருட்டுக்குள்ளிருந்தே கத்தினார்.

"யாருது இந்த விரல்? கிளவுஸ் எங்கே?"

சாமி வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "கொயந்த நயுவிச்சி சார், இப்பத்தான் கயட்டினாரு. தெனமும் போட்டுக்கினுதான் கீறாரு."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் கையுறை போட மறுக்கிறார் என்று தெரிந்தால் குழந்தை பிடிக்கும் வேலை முழுக்க என் தலையில் விழும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பது தினமும் என்றாகிவிடும். அந்த ஒரு விநாடியில் எனக்குத் தோன்றியது அது மட்டும்தான்.

அதற்குப் பிறகு சாமி விரல் திரையில் விழாதபடி தாழ்த்திப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். திரைக்குத் தப்பினாரே தவிர, திரையைத் தாண்டியும் பரவுகிற கதிருக்குத் தப்பவில்லை. சுவிட்சைப் போட்டது நான். அவர் பிடித்த ஒவ்வொரு நாளும் நான்தான் போட்டேன்.

நாலைந்து வருஷத்தில் அவர் நகங்களில் கறுப்புக் கோடுகள் விழுந்தன. தோல் வறண்டு வெடித்தது. கோயில் பாத்திரங்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பதால் வந்தது என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். எனக்குச் சந்தேகம் தட்டியது. என் கையையும் அவர் கையையும் பார்த்தேன், வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பத்து வருஷம் கழித்து வலக்கை ஆள்காட்டி விரலில் ஒரு மரு வந்தது, ரத்தம் கசிந்தது, ஆறவேயில்லை. டாக்டர் பார்த்ததும் முகம் வெளுத்துப் பட்டணத்துக்கு அனுப்பினார். புற்று என்றார்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள்.

அந்த வருஷம் அவருடைய பூஜை முறை வந்தது. அங்கம் குறைந்தவன் மூர்த்தியைத் தொடக்கூடாது என்று பங்காளிகள் கூடிச் சொன்னார்கள். முறை சித்தப்பா மகனுக்குப் போயிற்று. எந்தக் கையை அவர் பெருமாளுக்காகக் காத்தாரோ அந்தக் கையே ஆகாது என்றாகிவிட்டது.

நான் ஒரு சனிக்கிழமை காலை அந்தக் கோயிலுக்குப் போயிருந்தேன். சாமி எங்களோடு வரிசையில் நின்றார். அந்தச் சித்தப்பா மகன் தீர்த்தம் விட்டபோது குழித்த கையில் அது தங்கவில்லை, விரல் இல்லாத பக்கமாக வழிந்து தரையில் விழுந்தது. அடுத்து நின்ற என் கையிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. எனக்கு அழுகை வந்தது.

அன்று ஏன் பொய் சொன்னேன் என்பதை வெளியே வந்ததும் அவரிடம் சொல்லிவிடுவது என்று இருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அன்னிக்கு டாக்டர் கேட்டப்போ எனக்காகப் பொய் சொன்னியே. நிஜத்தைச் சொல்லியிருந்தா அன்னிக்கே வேலை போயிருக்கும். இத்தனை வருஷம் நாங்க சாப்பிட்டது உன்னாலதான். ஆத்துல குழந்தைகள்கிட்டகூடச் சொல்லியிருக்கேன்."

சைக்கிள் சீட்டின் மேல் துண்டை மடித்துப் போட அவர் இடக்கையால் தடுமாறிக்கொண்டிருந்தார். நான் வாங்கி நான்காக மடித்துப் போட்டேன்.

"அத்தப் போயி இப்ப இன்னாத்துக்கு சாமி" என்றேன்.