நோயாளிகள் பக்கத்தில் என் இலக்கம்

இதை எழுதலாமா விடலாமா என்று சில வருடங்களாக யோசித்துக்கொண்டே இருந்தேன். மகளின் கலியாணம் முடியட்டும் என்று பொறுத்திருந்தேன். மாதாவின் கிருபையால் அதுவும் முடிந்துவிட்டது.

நாங்கள் யாழ்ப்பாணக் கரையோரத்தில் கடல்தொழில் செய்யும் குடும்பம். என் தம்பிக்கு இளவயதிலேயே மனநோய் வந்தது. அவனைக் கூட்டிப்போகும் மருத்துவமனையில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்பு வைத்திருக்கின்றன என்று ஸ்கான் எடுத்து, நோயுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிடுவார்களாம். தம்பி சம்மதித்தான். "சுகமான ஆக்களும் வேணும், நீங்களும் வாங்கோ ஐயா" என்று அங்கே படிக்கும் ஒரு பிள்ளை என்னையும் கேட்டாள்.

சுகமானவனின் தலை இவர்களுக்கு எதற்கு? மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். தகப்பனுக்கும் அந்த மனநோய், வருத்தம் என்று ஒரு கதை கிளம்பினால் போதும், சம்பந்தம் குழம்பிவிடும். மனைவியோ, "உங்கடை மண்டைக்குள்ளை என்னத்தைக் காணப்போகினம்? வலையும் வள்ளமும்தான் கிடக்கும்" என்று சிரித்தாள். தம்பிக்காகப் போனேன். உலோகம் ஆகாது என்று கழுத்தில் கிடந்த மாதா பதக்கத்தைக் கழற்றச் சொன்னபோது சந்தேகம் இன்னும் கூடியது. பெயருக்குப் பதிலாக ஆளுக்கொரு இலக்கம் தந்தார்கள்.

சில மாதம் கழித்துத் தம்பியோடு போனபோது, அந்தப் பிள்ளையின் கணினித் திரையில் நோயாளிகள், சுகமானவர்கள் என்று இரண்டு பக்கமாக இலக்கங்கள் கிடந்தன. என் இலக்கத்தைக் கண்டேன். நோயாளிகள் பக்கத்தில்!

"என்ன பிள்ளை, என்னையும் விசரனாக்கிப் போட்டியளோ?"

"ஐயோ, இல்லை ஐயா. வேணுமெண்டுதான் ரெண்டு பக்கத்தையும் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைச்சுப் போட்டுப் பாக்கிறம். திரும்பத் திரும்பக் கலைப்பம். ஆரை எந்தப் பக்கம் போட்டாலும் அதேயளவு வித்தியாசம் வருமெண்டால், நாங்கள் முதல் கண்டது தற்செயலாயும் இருக்கலாம்."

"அப்ப நீங்கள் கண்டதையே நீங்கள் நம்பேல்லையோ?"

"அதைத்தானே முதல் சந்தேகப்படோணும்."

"சரி, என்ன வந்தது?"

அவள் முகம் வாடியது. "கலைச்சாலும் அடிக்கடி அந்தளவு வருது ஐயா. வித்தியாசம் இருக்கெண்டும் சொல்லேலாது, இல்லையெண்டும் சொல்லேலாது. இன்னும் கனபேர் வேணும்."

நான் முழுதாக நம்பிவிடவில்லை. தம்பியின் இலக்கத்தைத் தேடினேன். அது சுகமானவர்கள் பக்கத்தில் இருந்தது.

வெளியே வந்தேன். தம்பி வாங்கிலில் உட்கார்ந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தான். எனக்கும் ஒரு பிடி நீட்டினான். அவன் சிரித்தாலும் வருத்தமோ, சிரிக்காவிட்டாலும் வருத்தமோ என்றே இவ்வளவு காலமும் பார்த்தவன் நான். அன்று அப்படிப் பார்க்காமல், அவன் பக்கத்தில் உட்கார்ந்து கச்சானைத் தின்றேன்.

அதன்பின் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவனையும் கூப்பிட்டு இருத்தினேன். முதல் வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். பிறகு வந்தவர்கள் போகவில்லை.

இதை யாருக்காவது சொல்வதானால் இருந்தபடியே சொல்லுங்கள். தம்பி குணமாகிவிட்டான் என்றோ, எனக்கும் வருத்தம் என்றோ மாற்றிவிடாதீர்கள். சந்தேகப்படும் குணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை, ஆனால் ஒரு ஆளைப்பற்றி முடிவெடுக்கும்போது அந்தச் சந்தேகம் இப்போது முதலில் என் முடிவின் மேல்தான் விழுகிறது.