கடிகாரத்துக்கு மாட்டுற கோட்டு

இது நெசமா நடந்த கதை. ஒரு எழுத்துகூடப் பொய் கெடையாது. சரி சரி, முறைக்காதீங்க. கோட்டோட நீளத்தையும் டெல்மரோட தொப்பையையும் கொஞ்சம் இழுத்து விட்டிருக்கேன். ஆனா கோட்டும் உண்டு, தொப்பையும் உண்டு. நாம ஏறி நிக்கிறோமே, கார் ஏத்துற இந்தப் படகு, இதுவே சாட்சி. அந்தா கம்பி ஓரமா உக்காந்து கையுறை பின்னிக்கிட்டிருக்குதே ஓர்பாக்கா, அதுகிட்டயே கேட்டுக்கலாம். கேட்டாலும் சொல்லாது, அது வேற விசயம்.

ஓர்பா நில்சனுக்கு வேலை அக்கரையில, சட்டசபை வாசல்ல. கீழ்சபையோட பெரிய கதவு அது பொறுப்பு. தொறன்னா தொறக்கும், பூட்டுன்னா பூட்டும். முப்பது வருசமா அதே கதவுதான். கதவுக்காரங்களுக்கு ஒரே ஒரு கட்டளை: உள்ள நடக்கிற எந்த மசோதாவப் பத்தியும் வாயத் தொறக்கக் கூடாது. நல்லாருக்குன்னும் சொல்லக் கூடாது, நாசமாப் போகட்டும்னும் சொல்லக் கூடாது. ஓர்பாவுக்குத் தும்மல் வந்தாக்கூட இந்தக் கட்சிப் பக்கம் ஒண்ணு, அந்தக் கட்சிப் பக்கம் ஒண்ணுன்னு பங்கு போட்டுத்தான் தும்மும்.

இன்னொரு வேலையும் உண்டு. கூட்டத்தொடர் கடைசி நாள், மத்தியானம் பன்னண்டு அடிச்சா சபை கலையணும். அது எழுதி வச்ச சட்டம். ஆனா எந்த வருசம்தான் வேலை நேரத்துக்கு முடிஞ்சிருக்கு? அதனால பன்னண்டு ஆகப்போற நேரத்துல ஓர்பா தன்னோட பச்சைக் கோட்டக் கழட்டும், கொக்கி வச்ச கம்புல மாட்டும், சுவத்துக் கடிகாரத்து மேல தொங்க விட்டுரும். மணி தெரியலன்னா பன்னண்டு ஆகல. பன்னண்டு ஆகலன்னா சபை நடக்குது. படிச்ச வக்கீலுங்க எல்லாம் சிரிக்காம ஒத்துக்குவாங்க. கோட்டும் லேசுப்பட்டதா? அத விரிச்சா சர்ச்சு விருந்துக்கு ஊரே உக்காந்து சாப்பிடலாம்.

அந்த வருசம் கவர்னர் ஆபீசுல, “இந்தப் படகுக்கு இனிமே செலவு பண்ண முடியாது, பாலத்தச் சுத்திப் போங்க”ன்னுட்டாங்க. பாலம் இருக்கிற தூரத்துக்கு, மாப்பிள்ளையாக் கெளம்புனவன் தாத்தாவாத்தான் அக்கரை போய்ச் சேருவான். ரெண்டு சபையும் சேந்து, படகு ஓடியே ஆகணும்னு மசோதா போட்டு அனுப்புச்சு. கவர்னர் கையெழுத்துப் போடாம திருப்பி அனுப்பிட்டாரு. அதோட முடிஞ்சிராதே. ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு பேரு மறுபடியும் ‘ஆமா’ன்னா, அவரு கையெழுத்தே வேணாம், சட்டம்தான். மேல்சபை முடிச்சிருச்சு. கீழ்சபையில ஒரே ஒரு ஓட்டு குறையுது.

அது டெல்மர் பிரிக்ஸோட ஓட்டு. ஆளக் காணோம்.

அவன் என்ன பண்ணுவான் பாவம்? ‘இல்ல’ன்னா ஆத்தோரத்து சனம் அவனக் கெளுத்தி மீனு மாதிரி உரிச்சிரும். ‘ஆமா’ன்னா, மீன்வளத் துறைக்குத் தலைவரா உன்னத்தான் போடுவேன்னு சொன்ன கவர்னர் மூஞ்சியத் திருப்பிக்குவாரு. வராமலே இருந்துட்டா ஓட்டும் குறையும், வாயால எதுவும் சொன்னதாகவும் இருக்காது.

ஓர்பா வீடு இக்கரையில. படகு நின்னுச்சுன்னா கதவு வேலையும் போச்சு. ஆனா ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல.

சபாநாயகர் ஹார்லன் மேசையத் தட்டுனாரு. “கதவப் பூட்டுங்க, உள்ள இருக்கறவங்க வெளிய போகக் கூடாது! வராதவங்கள இழுத்துட்டு வாங்க! ஓர்பா, சாவிய இன்னொருத்தர்கிட்ட குடுத்துட்டு நீயும் போ. டெல்மர் வரமாட்டேன்னா போலீசக் கூப்பிடு.”

வெளிய ஊசி மாதிரி குளிரு. ஓர்பா கோட்ட மாட்டிக்கிட்டுப் போயிருச்சு. கோட்டும் சேந்து போகுதேன்னு சபையில ஒரு ஆளுக்கும் உறைக்கல.

டெல்மருக்குக் கவலை வந்தா சவரம் பண்ணிக்குவான். அது ஓர்பாவுக்குத் தெரியும். ஏமஸோட சவரக் கடைக்குள்ள போனா, நாக்காலியில ஒரு உருவம், மூஞ்சி பூரா சூடான துண்டு. துண்டுக்குக் கீழ தொப்பை மலை மாதிரி நிக்குது.

“டெல்மர் ஐயா, சபை கூப்பிடுது.”

“டெல்மர் இங்க இல்ல”ன்னுச்சு துண்டு.

“அப்ப இந்தத் தொப்பை யாரோடதுங்க?”

ஏமஸ் கத்திய வச்சுட்டுச் சிரிக்க ஆரம்பிச்சுட்டாரு. டெல்மர் துண்ட எடுத்தான். பாதி மூஞ்சியில நுரை. “ஏன்க்கா, உனக்கு வேற வேலை இல்ல? போலீசத்தான அனுப்பியிருக்கணும்?”

“போலீசு வந்தா தெருவே பாக்கும். உங்க வீட்டம்மா காதுக்கும் போகும். நான் உக்காந்திருக்கேன். நீங்க மெதுவா முடிங்க.”

உக்காந்துச்சு. கையக் கட்டிக்கிட்டு, கதவு பக்கத்துல உக்கார்ற மாதிரியே உக்காந்துச்சு. டெல்மர் கண்ணாடியில பாக்குறான். கோட்டு காலர்ல படகோட மாசச் சீட்டு குத்தியிருக்கு. பூட்சுல ஆத்துச் சேறு.

“அக்கா... நீ ஆத்துக்கு அந்தப் பக்கத்துலருந்தா வர்ற?”

“ம்.”

“படகு நின்னா?”

ஓர்பா அந்தச் சீட்டக் கையால மூடிக்கிச்சு. “கதவுக்கு ஓட்டு கெடையாதுங்க ஐயா.”

“நான் ஓட்டக் கேக்கல. நீ என்ன பண்ணுவேன்னு கேட்டேன்.”

“சபை கூப்பிடுதுங்க ஐயா”ன்னுச்சு மறுபடியும். கொரலு மட்டும் லேசா ஒடைஞ்சிருச்சு.

டெல்மர் எந்திரிச்சான். “ஏமஸு, மிச்சத்த சாயங்காலம் வழிச்சுக்கலாம்”னு சொல்லிட்டு, ஒரு கன்னத்துல நுரையோடயே நடந்தான்.

சபையில என்ன கூத்துங்கறீங்க! பன்னண்டு நெருங்குது, கடிகாரத்துக்கு மாட்டக் கோட்டு இல்ல. ஹார்லன் தன்னோட கோட்டக் கழட்டி மாட்டிப் பாத்தாரு. ஒல்லி மனுசன், அவரு கோட்டு பெரிய முள்ளுக்குக்கூடப் பத்தல, மாட்ட மாட்ட வழுக்குது. கடைசியில ஏணி போட்டு அவரே ஏறி நின்னுட்டாரு. ஒரு கையில கோட்டப் புடிச்சுக் கடிகாரத்த மூடுறாரு, இன்னொரு கையில மேசை தட்டுற சுத்தியல வச்சுக்கிட்டு ஏணியத் தட்டித் தட்டி, “அமைதி! அமைதி!”ங்கறாரு.

கதவு தொறந்துச்சு. ஓர்பா உள்ள வந்ததும் மொத்த சபையும் டெல்மரப் பாக்கல, கோட்டப் பாத்துச்சு. ஓர்பா அதக் கழட்டி, கம்புல மாட்டி, ஹார்லன் தலையோட சேத்துக் கடிகாரத்த மூடிருச்சு. கோட்டுக்குள்ள இருந்தே அவரு, “டெல்மர் பிரிக்ஸ், ஓட்டு?”ன்னாரு.

டெல்மர் கதவு பக்கம் திரும்பிப் பாத்தான். ஓர்பா கூரையப் பாத்துக்கிட்டு நின்னுச்சு.

“ஆமா”ன்னான். கன்னத்துலருந்து நுரை சொட்டுச்சு. அவனுக்கு மீன்வளத் துறையும் கெடைக்கல, ஒரு மீனும் கெடைக்கல. நமக்குப் படகு கெடைச்சுது.

“நில்லு, நில்லு”ன்னாரு படகுல கதை கேட்டுக்கிட்டிருந்த பன்னிப்பண்ணை கிளைடு, காப்பிக் கோப்பைய வச்சுட்டு. “அன்னைக்கு நான் கோர்ட்டு வாசல்ல நின்னேன். கோர்ட்டு மணி பன்னண்டு அடிச்சப்ப ஓர்பாக்காவும் டெல்மரும் இன்னும் சபைக்குப் போற மேட்டுல ஏறிக்கிட்டிருந்தாங்க. என் கண்ணால பாத்தேன். அப்ப அந்தச் சட்டம் செல்லாது!”

“உன் கண்ணு பன்னியவும் பாதிரியாரையும் ஒண்ணாப் பாக்குற கண்ணு”ன்னா பேக்கரி வில்மா. “கடிகாரம் மூடியிருந்துச்சுல்ல? சபைக்கு மணி ஆகல!”

“ஹார்லன் கோட்டு வழுக்குச்சுன்னு கதை சொல்ற இவரு இப்பத்தான சொன்னாரு? வழுக்குனப்ப மணி தெரிஞ்சிருக்கும்!”

“ஏணியில ஏறிப் புடிச்சதக் கேக்கலியா நீ? காதுலயும் பன்னித் தீவனமா?”

“ஓர்பாக்கா, நீயே சொல்லு. கோட்ட மாட்டுனப்ப மணி என்ன?”

ஓர்பாக்கா கையுறையில இருந்து கண்ண எடுக்கல. “கதவுக்கு மணி தெரியாது.”

“பாத்தியா, மழுப்புது! அப்ப பன்னண்டு தாண்டிருச்சு!”

“யாரப் பாத்துய்யா மழுப்புதுங்கற?”ன்னு வில்மா ரொட்டிக் கூடையத் தூக்கிட்டா. படகுக்காரர் ஆர்லோ எஞ்சின அணைச்சுட்டு மேல இருந்து கத்துனாரு: “சட்டம் செல்லாதுங்கறவங்க எல்லாம் இங்கயே நடு ஆத்துல எறங்கிக்கலாம்! கிளைடு, மொதல்ல உன் காரத் தள்ளு!”