வெறுங்காலுக்கு எங்கே அழுத்தம்?

தேரடித் தெரு மாடியில் நடந்த டுடோரியலில் எங்களுக்கு ஆங்கிலம் என்றால் எங்கள் சார்தான். டெரிலின் சட்டை, பவுடர் அப்பிய கழுத்து, வலக்கையில் தடித்த மோதிரம். எந்தச் சொல்லையும் அசை அசையாக வெட்டி, அழுத்தம் விழும் இடத்தில் மோதிரத்தால் மேசையைத் தட்டுவார். இரண்டு சொல் ஒட்டிய பண்புச்சொல் கிடைத்தால் அன்று அவருக்குத் தீபாவளி. 'ஓல்ட்-ஃபேஷண்ட்' என்பதில் முதல் சொல்லை ஓங்கிச் சொன்னவன் பாடம் முடியும்வரை நிற்க வேண்டும்.

எண்பதுகளில் ஒரு சித்திரை மதியம், செங்கம் சாலை டீக்கடையில் அவரோடு நின்றிருந்தேன். கிரிவலமாக மலை சுற்றி வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி நொண்டிக்கொண்டு வந்தாள். உள்ளங்கால் கொப்புளம் உடைந்து ரத்தம். வெறுங்காலோடு நடந்துவிட்டேன், ஆஸ்பத்திரி எங்கே என்று ஆங்கிலத்தில் அவரைக் கேட்டாள். வெறுங்கால் என்பதற்கு அவள் சொன்ன 'பேர்ஃபுட்டட்' என்ற சொல்லில் முதல் அசையை அழுத்திவிட்டாள்.

அவர் மோதிரத்தால் டீ கிளாஸைத் தட்டினார். அழுத்தம் இரண்டாம் அசையில் என்று ஆங்கிலத்திலேயே திருத்தி, மறுபடி சொல்லச் சொன்னார். அவளும் விழித்தபடி சொன்னாள்.

"இன்னா சார், ரத்தம் ஜாஸ்தியா போவுது, பாடம் நடத்துறீங்க? நீ வாம்மா" என்று டீ மாஸ்டர் அவளைக் குதிரை வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

"பாத்தியா, வெள்ளைக்காரிக்கே வரல" என்றார் எங்கள் சார், பூரித்துப்போய்.

என்னால் அவரைக் குறை சொல்ல முடியாது. வண்டி நகர்வதற்குள் அந்தச் சொல்லை நோட்டில் எழுதி, இரண்டாம் அசைக்கு அடிக்கோடு போட்டு முடித்திருந்தேன்.