கயிறு பிடித்தவன் சாட்சி

விஜிலா என் தையல் கடைக்கு வேலைக்கு வந்தபோது அவள் புருஷன் ரெக்சன் கடலில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போய் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். செத்து என்று ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை, ஏனென்றால் உடல் கரைக்கு வரவில்லை. உடல் வராத வீட்டில் ஒப்பாரி கிடையாது, குழி கிடையாது, ஏழாம் நாள் பூசை கிடையாது. தாலியைக் கழற்றச் சொல்லவும் யாரும் வர மாட்டார்கள், இன்னொருவனைக் கட்டிக்கொள் என்று சொல்லவும் வர மாட்டார்கள். அந்தப் பெண்ணை அப்படியே நிற்க வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் விக்டோரியா. கீழவைப்பாருக்குத் தெற்கே எங்கள் ஊர், கோயிலுக்குப் பின்னால் என் கடை. எனக்கு வாய் கொஞ்சம் கூடுதல் என்று சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், துணியை என்னிடம்தானே கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

விஜிலா தைக்கும்போது போனில் கதை ஓடவிட்டுக் கேட்பாள். எல்லாம் காதல் கதை. அதிலும் புருஷனை இழந்தவளுக்கு ஒருவன் வந்து சேருகிற கதை என்றால் கொக்கி தைக்கிற கை அப்படியே நின்றுவிடும். அந்தக் கதைகளில் செத்த புருஷன் மாலை போட்ட படத்துக்குள் ஒழுங்காக இருப்பான். கடைசி அத்தியாயத்தில் படத்துக்குள் இருந்தபடியே சிரித்து ஆசீர்வாதமும் பண்ணுவான்.

"ஏளா, இதெல்லாம் எந்த ஊர்ல நடக்கு?" என்று கேட்பேன்.

"நடக்காட்டி என்னக்கா, கேக்க நல்லாருக்குல்லா" என்பாள்.

அவள் வீட்டில் ரெக்சன் படத்துக்குள் இருக்கவில்லை. விடிந்து குசினிக்குள் போனால் தரை ஈரமாக இருக்கிறது, யாரோ அடுப்புவரைக்கும் வந்துவிட்டுத் திரும்பின மாதிரி இருக்கிறது என்று சொல்லுவாள். மழையும் கிடையாது, குடமும் ஒழுகவில்லை. ஒருநாள் நானே போய்ப் பார்த்தேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. "கடக்கரை வீட்டுத் தரை உப்பு பூக்காம சீனியா பூக்கும்?" என்று அவளை ஒரு அதட்டுப் போட்டேன். வெளியே வந்த பிறகு மூன்று தரம் சிலுவை போட்டுக்கொண்டேன். அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முத்துக் குளித்த காலத்தில் ஏற்பட்டது. முத்து போய் இப்போது சங்குதான், மூச்சை அடக்கி முங்கின காலமும் போய் கம்ப்ரசர் வைத்துக் காற்றுக் கொடுக்கிறார்கள். ஆனால் கயிறு பிடிக்கிற ஆள் மட்டும் மாறவில்லை. முங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும், படகில் அதன் மறுமுனையைப் பிடித்திருப்பவன் அவன் பெண்டாட்டியின் அண்ணனாகவோ தம்பியாகவோதான் இருக்க வேண்டும். கூடப் பிறந்தவனிடம்கூடக் கொடுக்க மாட்டார்கள், அவனுக்குச் சொத்தில் பங்கு வரும் பாருங்கள். மச்சான் கை விட்டால் அறுபடுவது அவன் தங்கச்சி தாலி, அதனால் அவன் விடமாட்டான் என்று கணக்கு. கயிறு கீழிருந்து அசைந்தால் மேலே இழுக்கணும். அவ்வளவுதான் அவன் வேலை.

ரெக்சனுக்குக் கயிறு பிடித்தவன் விஜிலாவின் அண்ணன் ஜெரால்டு. அன்றைக்குப் படகில் இவர்கள் இரண்டு பேர்தான். கயிறு அசைந்தது, ஜெரால்டு இழுத்தான். பாதிவரைக்கும் ஆள் கனம் இருந்ததாம், அப்புறம் இல்லையாம். இடுப்பில் போடுகிற வளையம் முடிச்சு அவிழாமல் வெறுமனே மேலே வந்தது. காற்றுக் குழாயும் வெறுமனே வந்தது. மற்ற படகுக்காரர்கள் போய் முங்கித் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஜெரால்டு படகில் கால் வைக்கவில்லை. கரையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கிழிந்த வலை பொத்திக் கொடுப்பான். உச்சி சாய்ந்ததும் அந்தப் பச்சைக் கயிற்றை எடுத்துக்கொண்டு தூண்டில் வளைவின் முனைக்குப் போய்விடுவான். கடலுக்குள் கல் கொட்டி நீளமாகப் போட்டிருக்கிறார்களே, அதைத்தான் தூண்டில் வளைவு என்போம். வளையம் உள்ள முனையைக் கடலில் விட்டு, இந்த முனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். முதலில் ஊர் சிரித்தது. அப்புறம் அவன் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விட்டது. சும்மா பிடித்திருக்கிற கயிறு தோலை அப்படி அறுக்காது. விஜிலாதான் சோறு கொண்டுபோய்க் கொடுத்து, அந்தக் கைக்கு மருந்தும் போடுவாள்.

விஜிலா கடைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது, இந்த நிலைமையில்தான் ரோச் வந்து சேர்ந்தான். தூத்துக்குடியிலிருந்து எங்கள் கரைக்கு ஐஸ் வண்டி ஓட்டி வருகிறவன், மில்லர்புரத்தில் வீடு, நாற்பதைத் தொட்ட வயசு. பெண்டாட்டி காமாலையில் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. வண்டியை மூடுகிற தார்ப்பாய் கிழிந்துவிட்டது, தைத்துத் தர முடியுமா என்று கேட்டு வந்தான். என் மிஷின் ஊசி என்னத்துக்கு ஆவது, போய்யா என்று விரட்டினேன். விஜிலாதான், "குடுங்க, கையால தச்சுத் தாரேன்" என்று வாங்கி வைத்தாள்.

அடுத்த வாரம் தார்ப்பாய் வேறு இடத்தில் கிழிந்து வந்தது. அதற்கடுத்த வாரம் இன்னோர் இடத்தில். நான் வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி நேராக ஒரு கிழிசல்.

"ஏலே ரோச், இத கத்தி வச்சுக் கிழிச்சியா, பிளேடு வச்சுக் கிழிச்சியா?" என்று கேட்டேன்.

அந்த ஆறடி ஆள் முகம் சிவந்து, "கத்திதான்க்கா" என்றான். விஜிலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தப் போன் கதைகளில் வருகிறவன் கார் வைத்திருப்பான், மலை மேல் பங்களா வைத்திருப்பான். இவனிடம் இருந்தது ஒட்டுப் போட்ட தார்ப்பாய். ஆனால் இவள் மனசு இவனிடம்தான் போனது, நான் மனசாரச் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு வருஷம் போனது. ஒருநாள் கல்யாணத்துக்குக் கேட்க மூன்று பேருமாகப் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனோம். அரசாங்கம் கொடுத்த இறப்புச் சான்றிதழ் விஜிலாவிடம் இருந்தது. சாமியார் அதைப் பார்த்துவிட்டு, கோயிலுக்கு அது மட்டும் போதாது என்றார். உடல் கிடைக்காததால் கூட இருந்தவன் வந்து, ரெக்சன் இறந்துவிட்டார் என்று சாட்சி சொல்ல வேண்டும், அதை ஆயர் இல்லத்துக்கு அனுப்பி அனுமதி வந்த பிறகுதான் ஓலை வாசிக்க முடியும் என்றார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பேர் சொல்லி அறிவிக்கிறதைத்தான் ஓலை என்பது.

கூட இருந்தவன் என்றால் ஜெரால்டு ஒருவன்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் தங்கச்சிக்கு வாழ்க்கை உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. விஜிலா போய்க் கேட்டாள். நானும் கூட நின்றேன்.

"செத்துட்டான்னு நா எப்படிளா சொல்ல முடியும்?" என்றான் ஜெரால்டு. கோபமே இல்லை, கெஞ்சுகிற குரல். "கயிறு இழுக்குதுளா. இழுக்குதவன் உசுரோடல்லா இருப்பான். நா பிடிச்சிட்டிருக்கேன்."

"ஆறு வருசமாச்சு, கிறுக்கா!" என்று கத்திவிட்டேன்.

"எனக்கும் தெரியும் விக்டோரியாக்கா. அதுக்கு நா என்ன செய்ய? இழுக்குதுல்லா" என்றான்.

மறுநாள் ரோச் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். சண்டை எதுவும் போடவில்லை, நானும் கொஞ்சம் பிடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டான். ஜெரால்டு கயிற்றைக் கொடுத்தான். ரோச் பொழுது அடைகிறவரைக்கும் பிடித்திருந்துவிட்டு, "மச்சான், எனக்கு ஒண்ணும் தெரியல" என்றான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றான் ஜெரால்டு. "ஒன் தங்கச்சியவா குடுத்திருக்கு?"

ரோச் திரும்பி வந்து என் கடை வாசலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. ஒரு செத்தவனும் ஒரு கிறுக்கனும் சேர்ந்து இந்தப் பெண்ணைக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்களே என்று ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் விஜிலா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். "அக்கா, கூட வாங்க" என்றாள். கடையைச் சாத்தினேன்.

கடல் அன்றைக்கு அசையவே இல்லை. காற்று இல்லை, படகும் இல்லை. பச்சைக் கயிறு தண்ணீர் மேல் மிதந்துகொண்டு கிடந்தது. பிளாஸ்டிக் கயிறு அல்லவா, அது மிதக்கத்தான் செய்யும்.

"அண்ணே, அத எங்கிட்ட குடு" என்றாள் விஜிலா.

"பொம்பள பிடிக்கக் கூடாதுளா."

"எம் புருசன்தான அங்கன இருக்கது? குடு."

அவன் மணிக்கட்டிலிருந்து பிரித்துக் கொடுத்தான். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் அவள் முகம் மாறியது. நான் கயிற்றைப் பார்த்தேன். மிதந்துகொண்டிருந்த கயிறு மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கி விறைத்தது. மீன் கொத்தியிருக்கும், பாறையில் சிக்கியிருக்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மாதாவே மாதாவே என்று வாய் தானாகச் சொன்னது.

"ஏங்க" என்றாள் விஜிலா. புருஷனைச் சோறு உண்ணக் கூப்பிடுகிற குரல். "நாந்தான். அண்ணன் இல்ல. நா இன்னொருத்தருக்கு வாக்கப்படப் போறேன். நல்ல மனுசன். ஒங்களுக்குத் தெரியாம இருக்காது, தெனமும் வீட்டுக்கு வந்துட்டுத்தான போறிய?"

கயிறு அவள் கையை முன்னால் இழுத்தது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒங்கள மேல இழுக்க எனக்குப் பெலம் இல்லங்க. இருந்தா இழுத்திருக்க மாட்டேனா? எங்க அண்ணன் கையப் பாருங்க. அவன் விடமாட்டான், சாகுதவரைக்கும் விடமாட்டான். அதனால நா விடுதேன். அவன் மேல வருத்தப்படாதிய. விட்டது நாந்தான்."

சொல்லிவிட்டுக் கையை விரித்தாள். எத்தனை வருஷமாகக் கடற்கரையில் இருக்கிறேன், விட்ட கயிறு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாதா? மிதந்துகொண்டு நெளியும். இது நெளியவில்லை. நேராக, விறுவிறுவென்று கீழே போனது. கடைசி முனையும் போன பிறகு தண்ணீர் பழையபடி கிடந்தது.

ஜெரால்டு மார்பில் அடித்துக்கொண்டு கதறினான். "எய்யா மச்சான், எய்யா மச்சான்" என்று செத்த வீட்டில் அழுகிற அழுகை. ஆறு வருஷமாக அந்த வீட்டில் யாரும் அழாத அழுகை. நானும் வெட்கமில்லாமல் அழுதேன். விஜிலா மட்டும் சிவந்துபோன உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஜெரால்டு தானாகவே வந்து சாமியார் அறையில் உட்கார்ந்தான். விஜிலா அவனுக்குப் பக்கத்தில், நான் பின்னால், ரோச் நிலைப்படியில்.

"ரெக்சன் இறந்துட்டார்னு சாட்சி சொல்றீங்களா, ஜெரால்டு?" என்று கேட்டார் சாமியார்.

"சொல்லுதேன் சாமி. செத்துட்டான்."

எனக்கு உயிர் வந்தது. சாமியார் பேனாவைத் திறந்தார். "தேதி சொல்லுங்க."

"வெள்ளிக்கிழம."

"அந்த வருஷத்துத் தேதி வேணும்."

"இந்த வெள்ளிக்கிழம சாமி. முந்தாநாளு."

அட மடையா, கரைக்கு வந்த படகைக் கவிழ்த்துவிட்டாயே என்று அவன் முதுகில் ஓங்கிக் குத்தலாம் போல இருந்தது. சாமியார் பேனாவை மூடிவிட்டு விஜிலாவைப் பார்த்தார். "நீயாவது சரியாச் சொல்லும்மா. இதை அப்படியே எழுதினா ஆயர் இல்லத்துல திருப்பி அனுப்பிடுவாங்க." பழைய தேதியை அவள் சொன்னால் போதும். என்ன தேதி என்று எனக்கே தெரியும், நான் அவள் இடுப்பில் கிள்ளினேன்.

"அண்ணன் சொல்லுததுதான் சாமி சரி" என்றாள் விஜிலா. "வெள்ளிக்கிழமதான் போனாக. அதுவர எங்கண்ணன் பிடிச்சிருந்தான். நீங்க காகிதத்துல என்ன எழுதணுமோ எழுதிக்கிடுங்க, அது ஒங்க பாடு. ஆனா நா தாலி அறுத்து இன்னைக்கு மூணாம் நாளு. ஏழாம் நாள் பூசை வைக்கணும், முப்பதாம் நாள் பூசை வைக்கணும். அது கழியாம என் பேருக்கு ஓலை வாசிக்கக் கூடாது."

எனக்கு ரோச்சைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. இத்தனை நாள் பொறுத்தவன். எந்த ஆம்பிளைக்கும் ஒரு அளவு உண்டு, இன்றைக்கு இவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் நான் குற்றம் சொல்ல மாட்டேன் என்று நினைத்தேன்.

அவன் செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தான்.

"ரெண்டு பூசையும் என் பேர்ல எழுதிக்கிடுங்க சாமி" என்றான். அப்புறம் விஜிலா பக்கம் குனிந்து, மெதுவாகத்தான் கேட்டான், ஆனால் எனக்குக் கேட்டது.

"வெள்ளச் சேல வச்சிருக்கியா, நா எடுத்தாரட்டுமா?"

"எடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு, சாமியாரின் மேசை மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு விஜிலா அழத் தொடங்கினாள்.