பறக்கவிடாத பலூன்

எங்கள் வகுப்பில் அவளுக்கு நச்சரிப்பு என்று பெயர். வைத்தது சயின்ஸ் மிஸ். மறைக்கல்வி வகுப்பில்கூட அவள் கேள்வி கேட்காமல் விடமாட்டாள். நோவாவின் பேழையில் மீன்களை ஏன் ஏற்றவில்லை என்று கேட்டு சிஸ்டரையே திணறடித்தவள். பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு டீச்சர்களின் முறைப்பில் பாதி எனக்கு வரும். ஆனால் அவள் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்ததிலிருந்து கேள்வியே இல்லை. கரும்பலகையைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பள்ளியில் ‘படைப்பைக் காப்போம்’ தியானம். காலையில் சிற்றாலயத்தில் படம் போட்டார்கள். பலூன் துண்டை விழுங்கிச் செத்த கடலாமை. கடவுள் நம்மை நம்பி ஒப்படைத்த உலகம் இது என்று ஃபாதர் சொன்னபோது முன்வரிசை முழுக்க மூக்கை உறிஞ்சியது. மதியம் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆளுக்கொரு பலூனைக் கொடுத்து, மன்றாட்டை அட்டையில் எழுதிக் கட்டி வானத்துக்கு அனுப்பச் சொன்னார்கள்! காலையில் ஆமைக்காக அழுகை, மதியம் அதே ஆமைக்குப் பார்சல். யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

சிஸ்டர் கைதட்ட, எல்லாம் பறந்தன. இவளுடையது மட்டும் கையிலேயே இருந்தது.

“விடும்மா. அம்மாவுக்காகத்தானே எழுதியிருக்கே?” என்றார் சிஸ்டர்.

“ஆமா சிஸ்டர். ஆனா இது கடைசியில கடல்லதானே போய் விழும்?”

சிஸ்டர் அண்ணாந்து பார்த்தார். மற்ற பலூன்கள் கூரையைத் தாண்டிவிட்டன. இவள் முடிச்சை அவிழ்த்துக் காற்றை இறக்கினாள். அது போட்ட சத்தத்துக்குச் சில பேர் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் நாலு பேரை அறைந்திருப்பேன்.

மாலை அவளோடு நானும் மருத்துவமனைக்குப் போனேன். வழியெல்லாம் புலம்பல்.

“ஆமைக்காக எங்கம்மாவை விட்டுட்டேனாடி? எல்லாரோடதும் போச்சு, என்னோடது மட்டும் போகலையே.”

“லூசு, ஆண்டவருக்குக் காது கேக்காதா?” என்றேன். அவளுக்கு அது போதவில்லை. சத்தியமாக எனக்கே போதவில்லை.

அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நுழைந்ததும் நுழையாததுமாக இவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். “நீ நல்லபடியா வீட்டுக்கு வரணும்னு எழுதினேம்மா. ஆனா பறக்க விடலை. தப்புன்னா சொல்லிடு.”

அம்மா சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

“அடி கழுதை! தினமும் வந்து வகுப்புக் கதையா அளந்துட்டுப் போனியே. நீ இவ்வளவு பயந்து கிடக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதைப் பறக்க விட்டிருந்தா இப்பவும் தெரிஞ்சிருக்காது.” மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “எனக்கும் பயமாத்தான்டி இருக்கு. வா, ரெண்டு பேரும் சேர்ந்தே கேப்போம்.”

தாயும் மகளும் கண்ணை மூடினார்கள். அங்கே எனக்கென்ன வேலை என்று மெல்ல நகரப் பார்த்தேன்.

“நீ எங்கடி போறே?” என்று கண்ணைத் திறக்காமலே அம்மா என் கையையும் பிடித்துக்கொண்டார்.